சங்கிலி ஓடும் திசை

"ஓங்கி மிதிச்சார்ங்கறியா?"

"மிதிக்காம சக்கரம் எப்படி அண்ணி நிக்கும்?"

"உங்க அண்ணனா? பின் பிரேக்கையா? மேட்டுல வண்டியை நிறுத்தி வைக்கத்தான் அது இருக்குன்னு சொல்றவர் அவர். நிக்கணும்னா முன் பிரேக், அதுவும் ரெண்டே விரல். உனக்குத் தெரியாததா?"

"பதற்றத்துல மனுஷன் என்ன செய்வான்னு யாரு கண்டது?"

"சரி, பதறிட்டார்னே வெச்சுக்குவோம். காலால மிதிச்சவர் கையை மட்டும் சும்மா வெச்சிருந்தாரா? முன் டயரைப் பாரு. கடையில வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு."

சின்னவன் முன் டயரைப் பார்க்கவில்லை. அதை ஏழு மாதங்களுக்கு முன்பே பார்த்துவிட்டான். தகரக் கூரை போட்ட கொட்டகையில், பழைய செய்தித்தாள்களின் மேல் இரண்டு டயர்களும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. பின் டயரில் ஒரே ஒரு இடம், உள்ளங்கை அகலத்துக்கு, துணி தெரியத் தேய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் பூப்போல இருந்தது. சுழலாமல் நின்றுபோன சக்கரம், நாற்பது மீட்டர் தூரம் தார்ச்சாலையில் இழுபட்டதன் அடையாளம் அது.

அண்ணி அந்தத் தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். அவள் பேரிங் தொழிற்சாலையில் சோதனை மேசையில் பதினெட்டு வருஷமாக உட்காருகிறவள். வாங்கினவர்கள் கெட்டுப்போனதென்று திருப்பி அனுப்பும் பேரிங்குகள் அவள் மேசைக்குத்தான் வரும். எப்படிக் கெட்டது, யார் கையில் கெட்டது, அரைப்பவனா, கழுவுபவனா, பொட்டலம் கட்டுபவனா என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். இரும்பைப் பார்த்து அதன் கதையைச் சொல்லும் வேலை. வீட்டில் ஒரு கரண்டி வளைந்திருந்தால்கூட யார் எதை நெம்பினார்கள் என்று கண்டுபிடித்துவிடுவாள் என்று பெரியவன் கேலி செய்வான்.

பெரியவன் என்பது அவள் கணவன், சின்னவனுக்கு அண்ணன். ஊருக்கு அவன் பெயர் நாப்பது.

அந்தப் பெயருக்குக் காரணம் இந்த வண்டிதான். அரை நூற்றாண்டுக்கு முன் ஜப்பானில் செய்தது. நாலு சிலிண்டர், நாலு கார்புரேட்டர், பின்னால் நாலு புகைக்குழாய். அந்தக் காலத்தில் இரண்டு சிலிண்டர் வண்டி வைத்திருந்தவனே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான். வண்டி என்றால் எண்ணெய் ஒழுகும், நிற்கிற இடத்தில் தரையில் கோலம் போடும், அதிர்வில் பல் ஆடும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, போரில் மிஞ்சின சின்ன இன்ஜின்களைச் சைக்கிளில் பூட்டி விற்றுப் பிழைக்க ஆரம்பித்த ஒரு கம்பெனி, இருபது சொச்சம் வருஷத்தில் இப்படியொன்றைச் செய்து கப்பலேற்றியது. எண்ணெய் சொட்டாது. பட்டனைத் தட்டினால் கிளம்பும். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். இன்ஜின் ஓடும்போது தொட்டியின் மேல் ஒரு நாணயத்தை நிற்க வைக்கலாம் என்பான் பெரியவன். வைத்தும் காட்டுவான். அது விழுந்தால் தரை சரியில்லை என்பான்.

இருநூறைத் தொடுகிற வண்டியை வாங்கி நாற்பதில் ஓட்டினான் அவன். முந்திக்கொண்டு போகிற மொபெட்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிங்கத்தைக் கயிறு கட்டி நடை கூட்டிக்கொண்டு போகிறவர் என்று பட்டறை வைத்திருக்கும் லேத்துக்காரர் சொல்வார். பெரியவன் கோபித்துக்கொள்ள மாட்டான். "நாப்பதுலதான் நாலும் பேசறது கேக்குது. அதுக்கு மேல கத்துது, கத்தறதை எவன் கேப்பான்" என்பான்.

நாலு சிலிண்டரும் வெடிக்கும் வரிசை ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று. அந்த வீட்டில் அதுதான் எண்ணும் வரிசை. சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போதுகூட அப்படித்தான். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் மாதம், நான்குக்குப் பிறகு மூன்று என்று ஒற்றைக்காலில் நின்றதில் ஆசிரியை இருவரையும் கூப்பிட்டு அனுப்பிவிட்டார். பெரியவன் போய் ஆசிரியைக்கு வெடிக்கும் வரிசையை விளக்கிவிட்டு வந்தான். அண்ணிக்கு அவமானத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கதையைப் பன்னிரண்டு பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

இப்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது. எல்லாரையும் போல எண்ணுகிறாள். கொட்டகைப் பக்கம் வருவதில்லை. வண்டியைக் காவல் நிலையத்திலிருந்து மினி லாரியில் கொண்டுவந்து இறக்கிய அன்று, தன் அறை ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டாள். அந்தச் சத்தம் கொட்டகை வரை கேட்டது.

அவளைக் குறை சொல்ல முடியாது. விபத்து அறிக்கையில் இருந்தது ஒரே வரி. ஐம்பது போக வேண்டிய சாலையில் எண்பத்தைந்துக்கு மேல் வந்து, கட்டுப்பாடு இழந்து, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி இறந்தார். தேய்ந்த தடத்தை அளந்து, கணக்குப் போட்டு எழுதியது. கையெழுத்து, முத்திரை, எல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்த வரியைப் படித்த பிறகு அண்ணி அழுவதை நிறுத்திவிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம், "எங்ககிட்ட நாப்பதுன்னு சொல்லிட்டு யாருக்குத் தெரியாம எண்பத்தஞ்சுல போய்க்கிட்டிருந்தாரோ" என்றாள். அவள் குரலில் இருந்தது துக்கமா வேறேதாவதா என்று வந்தவர்களுக்குப் புரியவில்லை. தன்னிடம் ஒரு மனிதன் பதினாலு வருஷம் நடித்திருக்கிறான் என்று நம்பத் தொடங்கிய பெண்ணின் குரல் அது. சுவரில் மாட்ட வேண்டிய படம் சட்டம் போட்டு வந்து, காகிதம் பிரிக்காமல் அலமாரி மேலேயே கிடந்தது.

அப்படி இருந்தவள், வண்டி திரும்பி வந்த மூன்றாம் நாள் சின்னவனைக் கூப்பிட்டனுப்பி, "இதைப் பூராவும் பிரிச்சு, பூராவும் சேக்கணும்" என்றாள்.

"இரும்புக் கடையில போட்டுடலாம் அண்ணி. எதுக்கு இது கண்ணு முன்னால."

"போடலாம். பாத்துட்டுப் போடலாம். எங்க மேசையில எந்தச் சரக்கையும் பாக்காம தூக்கிப் போடறதில்ல."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு அவன் வந்தான். வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. அதுதான் பயம்.

*

சின்னவன் லிப்ட் பழுதுபார்க்கிறவன். மாடிக் கட்டடங்களின் உச்சியில் உள்ள சின்ன அறைகளில், ஆட்களைத் தூக்கி இறக்கும் கம்பி வடங்களோடு அவன் பிழைப்பு. நல்ல வேலைக்காரன் என்று பெயர். ஏழு மாதமாக அவனுக்கு இன்னொரு பெயரும் வந்திருந்தது. ஒவ்வொரு நட்டையும் மூன்று முறை முடுக்கிப் பார்க்கிறான், கீழே இறங்கிப் போனவன் மறுபடி ஏறி வந்து பார்க்கிறான் என்று கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு 'மூணு தடவை' என்று பெயர் வைத்திருந்தார்கள். "கல்யாணம் மட்டும் ஒரு தடவை பண்ணிக்கப்பா, மூணு தடவை பண்ணா கேஸ் ஆயிடும்" என்பார்கள். அவனும் சிரிப்பான்.

பிரிக்கும் வேலை ஆறு ஞாயிறு பிடித்தது. அண்ணி ஒவ்வொரு உருப்படியையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தாள். வேலை நடக்கும்போது பேச்சுக் கொடுப்பாள். தொழிற்சாலைக் கதைகள்தான். அவற்றில் ஒன்று அவன் தூக்கத்தைக் கெடுத்தது.

"ஒரு தடவை பெட்டி பெட்டியா பேரிங் திரும்பி வந்துடுச்சு தம்பி. எல்லாத்துலயும் துரு. அதுவும் கைரேகை வடிவத்துல துரு. அம்மி மாதிரி பெரிய பேரிங், கட்டைவிரல் ரேகை அச்சு அசலா பதிஞ்சிருக்கு. பொட்டலம் கட்டற எட்டுப் பேரையும் கூப்பிட்டு மேலாளர் விசாரிக்கிறார். எட்டுப் பேரும் கையுறை இல்லாம தொட்டதே இல்லைன்னு சத்தியம் பண்றாங்க. பொய் சொல்றாங்கன்னு அவர் குதிக்கிறார்."

"பொய்தானே?"

"அதான் இல்ல. நான் சொன்னேன், சார், யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க. நேத்து செஞ்ச வேலையை எங்க முன்னால இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்க, போதும். ஒவ்வொருத்தரா வந்து செஞ்சாங்க. நாலாவதா ஒருத்தர், நல்ல மனுஷன், கையுறை போட்டார், எடுத்தார், துடைச்சார், எண்ணெய் தடவினார். எல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம் போல. கடைசியில சுத்தற காகிதம் ரெண்டா ஒட்டிக்கிச்சு. மனுஷன் வலது கையுறையைக் கழட்டினார், கட்டைவிரலை நாக்குல தொட்டார், காகிதத்தைப் பிரிச்சார், அதே விரலால பேரிங்கை அமுக்கிப் பிடிச்சு சுத்தினார்."

சின்னவனுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணியும் சிரித்தாள். அந்தக் கொட்டகையில் இருவரும் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

"அவருக்கே தெரியாது தம்பி. நாங்க காட்டினப்ப, தன் கட்டைவிரலை யாரோ கொடுத்துட்டுப் போன மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்தார்."

"வேலை போச்சா?"

"போகல. ரெண்டு நாள் வரல. மூணாம் நாள் வந்தார்."

அன்றைக்கு வீட்டுக்குப் போன சின்னவன், சாப்பாட்டில் கை வைத்தபடி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவனுக்குத் தெரியும். அந்தப் பொட்டலக்காரரைப் போல அவனுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

விபத்துக்கு முந்தின நாள் மாலை, இதே கொட்டகையில் பெரியவன் வண்டிக்குப் புதுச் சங்கிலி மாற்றினார்கள். பெரியவன் வலது பக்கம் உட்கார்ந்து கார்புரேட்டர்களைத் திருகிக்கொண்டிருந்தான். சங்கிலி இடது பக்கம், சின்னவன் பொறுப்பு. இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் அந்தச் சங்கிலியின் இரண்டு நுனிகளையும் சேர்ப்பது ஒரு இணைப்புக் கண்ணி. அந்தக் கண்ணி கழன்று விழாமல் பிடித்துக்கொள்வது விரல் நகம் அளவுக்கு ஒரு கிளிப். பார்க்க மீன் போல இருக்கும். தலைப்பக்கம் மூடியிருக்கும், வால்பக்கம் பிளந்திருக்கும். சங்கிலி எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் மீனின் தலை இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால், ஓடும்போது எதன் மேலாவது உரசினாலும் பிளந்த வால் மாட்டும், கிளிப் தெறித்துவிடும். கம்பெனிக் கையேட்டில் இதற்கென்றே ஒரு படம் உண்டு. அம்புக்குறியும் உண்டு.

அந்தப் படத்தைச் சின்னவன் பதினேழு வயதிலேயே மனப்பாடம் செய்திருந்தான். மீனின் தலை முன்விளக்கைப் பார்க்க வேண்டும், வால் பின்னால் இருக்க வேண்டும். எத்தனையோ சங்கிலி போட்டிருக்கிறான், எல்லாவற்றிலும் மீன் விளக்கைப் பார்த்தே நீந்தியது. ஏனென்றால் எப்போதும் சங்கிலியை மறைக்கும் மேல் மூடியைக் கழற்றிவிட்டு, மேல்பக்கச் சங்கிலியில்தான் இணைப்பார்கள். மேல்பக்கச் சங்கிலி முன்னால் ஓடுகிறது. கீழ்ப்பக்கச் சங்கிலி பின்னால் திரும்பி வருகிறது; அங்கே மீன் பின் சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

அன்று அந்த மேல் மூடி குரோமியம் பூசிப் புதிதாக வந்திருந்தது. காலையில்தான் பெரியவன் மாட்டி, கைரேகையைத் துடைத்துத் துடைத்து அழகு பார்த்திருந்தான். "அதைக் கழட்டாம வேலை நடக்காதாடா? கீறல் விழுந்துடும்" என்றான். "கீழேயே சேத்துடறேன்" என்று சின்னவன் சொன்னான். படுத்துக்கொண்டு, கீழ்ப்பக்கச் சங்கிலியில் கண்ணியைக் கோத்து, கிளிப்பை விளக்கைப் பார்க்க வைத்து அமுக்கினான். டிக் என்று உட்கார்ந்தது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"சரியா?"

"எத்தனையாவது சங்கிலி இது எனக்கு?"

பெரியவன் எட்டிப் பார்க்கவில்லை. தம்பி போட்ட வேலையை எட்டிப் பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

விபத்தான மூன்றாம் நாள், காவல் நிலைய வளாகத்தில் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சாக்குமூட்டை கிடந்தது. சின்னவன் அவிழ்த்துப் பார்த்தான். வண்டியைத் தூக்கும்போது உருவிப் போட்ட சங்கிலி, ஒரு கண்ணிகூட அறுபடாமல், இரண்டு நுனிகளோடு சுருண்டு கிடந்தது. இணைப்பு மட்டும் இல்லை. அவன் கண்ணை மூடினான். அந்த மாலையில் மல்லாந்து படுத்திருந்த தன் கை எந்தப் பக்கம் பார்த்து அமுக்கியது என்பது ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தது. சாக்கின் வாயை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினான். உள்ளே வந்தபோது அதிகாரி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"உங்க அண்ணன் வண்டி எப்படி ஓட்டுவார்? வேகமா?"

ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள். தம்பியைக் கேட்டார்.

"சில நேரம்."

"சில நேரம்னா?"

"கொஞ்சம் வேகம்தான்."

அதிகாரி எழுதிக்கொண்டார். நாலே வார்த்தை. அதன் பிறகு வாரம் ஒருமுறையாவது சின்னவன் அந்தச் சாலையில் ஓரம் பார்த்தபடி நடந்தான். கிளிப் கிடைக்கவில்லை. கிடைத்தால் என்ன செய்யப்போகிறான் என்றும் அவனுக்குத் தெரியவில்லை. எங்கேயோ, ஏதோ வண்டியின் டயரில் ஒட்டி, வேறொரு ஊருக்கே போயிருக்கலாம்.

*

ஏழாவது ஞாயிறு லேத்துக்காரர் இன்ஜின் கூட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். சங்கிலி சுழலும் இடத்துக்குப் பின்னால் அதில் ஒரு முஷ்டி அளவு ஓட்டை விழுந்திருந்தது. அதை அலுமினியம் வைத்து அடைத்து, இழைத்து, புதுசு போலச் செய்திருந்தார்.

"எங்க அப்பா காலத்துல இந்த மாதிரி கூடு கையில கிடைச்சா எடுத்துக் கண்ணுல ஒத்திக்குவாங்க" என்றார். "மேல் பாதி கீழ் பாதின்னு குறுக்கால வெட்டியிருக்கான் பாருங்க. சேக்கற இடம் எண்ணெய்க்கு மேல வருது. ஒழுகறதுக்கு வழியே வைக்கல. இன்னொருத்தன் ஒழுகற வண்டிக்கு நல்ல ரப்பர் தேடிக்கிட்டிருந்தப்ப, இவன் ஒழுகற இடத்தையே எடுத்துட்டான்."

"ஓட்டை எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள் அண்ணி.

"வெளியிலேருந்து அடி. உள்ள வெடிச்சிருந்தா உதடு வெளிய மடங்கியிருக்கும். இது உள்ள மடங்கியிருந்துச்சு. சங்கிலி கழண்டு, சுருண்டு, பல்சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவுல கட்டி மாதிரி அடைச்சிருக்கு. அப்புறம் சக்கரம் எங்க சுத்தறது? நாப்பதா எண்பத்தஞ்சான்னு கணக்குப் போட்டானே அந்த ஆபீசர், அவன் ரெண்டு பிரேக்கும் போட்ட வண்டிக்குக் கணக்குப் போட்டிருக்கான். இது கால்ல கயித்தைக் கட்டி இழுத்த குதிரை. பால இறக்கத்துல ஐம்பதுல வந்தாலும் இழுத்துக்கிட்டுத்தான் போகும்."

அண்ணி கையிலிருந்த துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்போ அவர் வேகமா போகல."

"நம்ம நாப்பதாம்மா? அவன் வேகமா போனான்னு நீங்க நம்புனீங்களா?"

சின்னவன் அந்த நேரத்தில் வாயைத் திறந்தான். திறந்த வாயில் அண்ணி என்ற சொல் வரை வந்துவிட்டது. அதற்குள் லேத்துக்காரரே வழி காட்டிவிட்டார்.

"இணைப்புக் கிளிப் மட்டச் சரக்கா இருந்திருக்கும். இப்ப வர்ற சாமான் எல்லாம் தகர டப்பா."

"ஆமா" என்றான் சின்னவன். "மட்டச் சரக்குதான்."

தன் குரல் அவ்வளவு எளிதாக வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதிகாரி முன்னால் சொன்னதும் இப்படித்தான் வந்தது. முதல் முறை அண்ணன்மேல் போட்டான், இப்போது முகம் தெரியாத ஒரு கடைக்காரன்மேல்.

அன்று மாலை அண்ணி அலமாரி மேலிருந்த படத்தை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தாள். சுவரில் ஆணி அடித்தாள். ஆனால் மாட்டவில்லை. "இன்னும் ஒண்ணு பாக்க வேண்டியிருக்கு" என்று சொல்லி, படத்தை ஆணிக்குக் கீழே சுவரோடு சாய்த்து வைத்தாள்.

*

பத்தாவது ஞாயிறு வண்டி நின்றது.

இரண்டு புகைக்குழாய்கள் நசுங்கியபடியே இருந்தன, தொட்டியில் பள்ளம் இருந்தது, விளக்குக் கண்ணாடி இல்லை. என்றாலும் நாலு கால் உள்ள ஒன்றைப் போல அது தன் காலில் நின்றது. சின்னவன் எல்லா நட்டையும் மூன்று முறை முடுக்கியிருந்தான். சங்கிலி மட்டும் பாக்கி. பல்சக்கரங்களின் மேல் புதுச் சங்கிலியைப் போட்டு, மேல்பக்கம் இணைப்பதற்காக இரண்டு நுனிகளையும் இழுத்து வைத்திருந்தான். அண்ணி வீட்டுக்குள்ளிருந்து ஒரு பையோடு வந்தாள்.

பையிலிருந்து முதலில் எடுத்தது ஒரு சிறிய அட்டைப் பெட்டி.

"அந்தச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். உங்க அண்ணன் வாங்கின அதே பெட்டி இன்னும் பாதி இருந்துச்சு. மீதியைப் பூராவும் வாங்கிட்டேன். முப்பத்தொரு கிளிப். எங்க மேசையில வெச்சு ஒவ்வொண்ணா சோதிச்சேன். கடினம் சரி, வளையறது சரி, அளவு சரி. ஒண்ணே ஒண்ணுகூட மட்டம் இல்ல தம்பி. கடைக்காரர் பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போனார்."

சின்னவன் சங்கிலியைப் பிடித்தபடி குந்தியிருந்தான்.

"முப்பத்தொண்ணுல இல்லாத குறை முப்பத்திரண்டாவதுல இருந்திருக்கலாம்" என்றான்.

"இருக்கலாம். எங்க மேலாளரும் அப்படித்தான் சொல்லுவார்."

அடுத்து எடுத்தது அண்ணனின் நோட்டுப் புத்தகம். வண்டியில் செய்த ஒவ்வொரு வேலையையும் தேதி போட்டு எழுதி வைக்கிறவன் அவன். கடைசிப் பக்கத்தை விரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ரேஷன் பட்டியல் படிப்பது போல அவள் படித்தாள்.

"கார்புரேட்டர் ஒண்ணு, ரெண்டு, நாலு, மூணு, சரி பார்த்தது. புதுச் சங்கிலி, தம்பி போட்டான். மேல் மூடி கழற்றவில்லை. கீழே இணைத்தது." நிறுத்தினாள். "அதுக்குக் கீழே ஒரு வரி இருக்கு. தம்பி போட்டதால் நான் பார்க்கவில்லை. பெருமையா எழுதியிருக்கார்."

வெளியே, வீட்டுப் பக்கம், ஒரு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. மகளின் ஜன்னல் கொஞ்சம் திறந்தது. அவள் முகம் தெரியவில்லை, திரை மட்டும் அசைந்தது.

அண்ணி பைக்குள் மூன்றாவது முறை கை விட்டாள். துணியில் சுற்றி வைத்திருந்த மேல் மூடி. சுவரில் மோதி நெளிந்து போயிருந்ததை லேத்துக்காரரிடம் கொடுத்து நேராக்கியிருந்தாள். குரோமியம் பல இடங்களில் உரிந்திருந்தது. அவளே அதைச் சங்கிலிக்கு மேல் பொருத்தினாள், இரண்டு திருகாணிகளையும் முடுக்கினாள். பதினெட்டு வருஷம் மற்றவர்கள் வேலையைப் பார்த்த கை, தடுமாற்றம் இல்லாமல் செய்தது. மேல்பக்கச் சங்கிலி மூடிக்குள் மறைந்தது. இனிமேல் இணைப்பதென்றால் கீழேதான்.

சின்னவன் தன் வலது கையைப் பார்த்தான். அது அவனிடம் எதுவும் கேட்கவில்லை. இன்று மீனை எந்தப் பக்கமும் திருப்பலாம். எது சரி என்று இந்தக் கைக்கு இப்போது தெரியும். சரியாகப் போட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது. கடைக்காரன் வியர்த்ததோடு போகும். ஆணி சுவரில் அப்படியே இருக்கும், படம் கீழே இருக்கும்.

அண்ணி அவனுக்கு எதிரே, தரையில், வெறும் செய்தித்தாளின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து ஒரு கண்ணியையும் ஒரு கிளிப்பையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். கண்ணில் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். சோதனை மேசையில் எப்படி உட்காருவாளோ அப்படி உட்கார்ந்திருந்தாள்.

"நான் உன்னை ஒண்ணும் கேக்கல தம்பி" என்றாள். "அன்னைக்கு எப்படிப் போட்டியோ, அப்படியே ஒரு தடவை போட்டுக் காட்டு."